மலைக்குப் பந்தி போட்ட லூர்தம்மாள்

ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு, பேகம்பூர் போகிற வழியில் இருந்த லூர்தம்மாளின் சாப்பாட்டுக் கடையைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவருக்கு அந்த ஊரில் ஒரு நாளும் பசித்ததில்லை என்றுதான் அர்த்தம். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. குழம்பு கொதிக்கிற மணம்தான் பலகை. காற்று அடிக்கிற திக்கைப் பொறுத்து அது ஒருநாள் நாகல் நகரில் தொங்கும், ஒருநாள் தாடிக்கொம்பில் தொங்கும். நெய்க்காரப்பட்டியிலிருந்து வெல்லம் ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரர், ஊர் எல்லையைத் தொட்டதுமே தன் மாடுகள் யாரையும் வழி கேட்காமல் நேரே லூர்தம்மாள் கடை வாசலில் வந்து நின்றன என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். அன்றைக்கு அங்கே கொதித்தது ஆட்டுக்கால் குழம்பு. மாட்டுக்கு அதில் என்ன வேலை என்று அவரை யாரும் கேட்கவில்லை.

லூர்தம்மாள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். திண்டுக்கல்லில் தன்னைக் குனிய வைக்கிற கதவு நிலைகள் எல்லாம் மரியாதை தெரியாதவர்கள் கட்டியவை என்பது அவள் கட்சி. கணவர் சூசைமுத்து பூட்டுப் பட்டறைக்காரர். ஊருக்கெல்லாம் பூட்டு செய்து கொடுத்த மனிதர், வீட்டுக்கு வந்ததும் தன் வாய்க்கு ஒன்றைப் போட்டுக்கொள்வார். சாவி மனைவியிடம் இருக்கும். அவளும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது, ஜெபம் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் திறந்துவிடுவாள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

மத்தியானப் பந்தியில் பாதிப் பேர் சிறுமலைக் குதிரைக்காரர்கள். மலைவாழைத் தார்களைப் பொதிக்குதிரை முதுகில் ஏற்றி இறக்கிக்கொண்டு வந்து, சந்தையில் தள்ளிவிட்டு, பசியோடு வந்து உட்காருவார்கள். அவர்களுக்குத் தலைவன் சோலைமுத்து. மீசையை முறுக்கினால் நுனி காதைத் தொடும். சாப்பிடும்போது மட்டும் அதைப் பின்னுக்கு வாரிவிட்டுக்கொள்வான்.

ஐம்பத்தேழாம் வருஷம் மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்திருந்த ஒருநாள், அந்தச் சோலைமுத்துதான் ரசத்தைக் குடித்துக்கொண்டே வாயை விட்டான்.

“மலைல மொட்டப்பாறைன்னு ஒண்ணு இருக்குக்கா. அதுல நின்னு பாத்தா கோட்டை, கொளம், கோயிலு, மாதா கோயில் கோபுரம், அம்புட்டும் உள்ளங்கையில வச்ச மாதிரி தெரியும். ஒங்க கடைப் பொகைகூடத் தெரியும்னா பாத்துக்கங்க.”

லூர்தம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“எங்க கடைப் பொகையா?”

“ஆமாக்கா. நேரா ஒசந்து, மேல போயி லேசா வளையும். நம்ம பயக அதைப் பாத்துத்தான், அக்கா ஒலை வச்சுருச்சு, எறங்குங்கடான்னு கெளம்புவானுக.”

அன்று முழுக்க அவளுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. பதினெட்டு வருஷமாக அந்தப் புகையை ஊதி ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டது அவள். அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தது வாழைத்தார் ஏற்றுகிற பயல்கள். கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் எதிரே நீலமாகப் படுத்திருக்கிற மலையை அவள் பார்த்துத்தான் இருக்கிறாள். அந்த மலையும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் பந்தியில் அறிவித்துவிட்டாள். “தை மாசத்துக்குள்ள நானும் மொட்டப்பாறைக்குப் போறேன். நம்ம தெருப் பொம்பளைகளையும் கூட்டிக்கிட்டுப் போறேன். ஒரு ஆம்பளை கூட வரக்கூடாது.”

பந்தி சிரித்த சிரிப்பில் மோர் மூன்று பேருக்குப் புரையேறியது. பிறகு ஆளுக்கு ஆள் மலையின் பயங்கரங்களைப் பரிமாறத் தொடங்கினார்கள்.

“திகைப்பூண்டுன்னு ஒண்ணு இருக்குக்கா,” என்றான் ஒருவன். “பாத்தா சாதாரணப் புல்லுதான். மிதிச்சமோ, தெக்கு வடக்கு தெரியாமப் போயிரும். சுத்துன எடத்தையே சுத்திக்கிட்டுக் கெடக்கணும்.”

“அதை நான் கல்யாணமான அன்னைக்கே மிதிச்சிட்டேன் அப்பு. இந்த அடுப்பையே சுத்திக்கிட்டுக் கெடக்கேன். புதுசா என்ன ஆயிரப் போகுது?”

“அந்தப் பக்கம் ஒரு கரடி திரியுது. கரடின்னா கரடி இல்ல, சித்தரு. அந்த வேசத்துல இருக்காரு. எதுத்தாப்புல வந்து ரெண்டு கால்ல நின்னு கைய நீட்டுவாரு.”

“பசிச்சவன் எல்லாரும் கையத்தான் நீட்டுவான். ஒரு எலையப் போட்டு உக்கார வைக்கிறேன். சித்தர்னா சைவம், கரடின்னா அசைவம். கேட்டுக்கிட்டுப் பரிமாறுவேன்.”

சோலைமுத்து மீசையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கடைசி அம்பை விட்டான். “அதெல்லாம் விடுங்க. அனுமாரு சஞ்சீவி மலையத் தூக்கிட்டுப் போறப்ப விழுந்த துண்டுதான் சிறுமலை. அவரே பாரம் தாங்காமப் போட்டுட்டுப் போன மலைக்கா அது. நீங்க என்ன பண்ணப் போறீக?”

“அவரு தூக்கிக்கிட்டுப் போனாரு. நான் தூக்கவா போறேன்? ஏறத்தானே போறேன். எலைய மடி, அடுத்த பந்தி நிக்குது.”

பெண்கள் சேர்வதில் சிரமமே இருக்கவில்லை. எதிர்வீட்டுக் குர்ஷித் பேகம் முதல் ஆளாக வந்தாள். அவள் கணவர் அப்துல் கையூமுக்குத் தோல் கிடங்கு. குர்ஷித்துக்கு முழங்கால் வலி. சஞ்சீவி மூலிகைக் காற்று பட்டால் வலி போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அனுமார் யாருக்காகத் தூக்கிவந்தால் என்ன, மருந்து மருந்துதானே என்பது அவள் நியாயம். பால்காரி சிவனம்மாள், தன் மாட்டுவண்டியைத் தானே ஓட்டி எல்லாரையும் அடிவாரம் சேர்ப்பதாகச் சொன்னாள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத புஷ்பமேரி, தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு ஓடிவந்தாள். இன்னும் நாலு பேர் சேர்ந்து எட்டுப் பேராகிவிட்டார்கள்.

சிக்கல் வீட்டு ஆண்களிடம்தான். ஒருநாள் சாயங்காலம் அவர்கள் எல்லாரும் கடைக்கு வந்து, சாப்பிடாமல், வெறும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்தக் கடையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அவர்களுக்காகப் பேசியவர் அப்துல் கையூம்.

“ஆம்பளைத் துணை இல்லாம எப்படி அனுப்புறது லூர்தம்மா? நாலு பேரு கேட்டா என்ன பதில் சொல்றது?”

“அந்த நாலு பேரும் என் கடையிலதான் பாய் சாப்பிடுறாங்க. கொழம்பு ஊத்துறப்ப நானே பதில் சொல்லிக்கிறேன்.”

“வெளையாடாதீங்க. காட்டுமாடு கெடக்குற எடம்.”

அப்போது மூலையில் இருந்த சோலைமுத்து நடுவே புகுந்தான். “நான் ஒரு வழி சொல்றேன். அன்னைக்கு நானும் நம்ம பயலுகளும் குதிரைகளோட செத்த பின்னால வாரோம். கண்ணுல பட மாட்டோம். ஆபத்துன்னா பொம்பளைக சேந்து ஒரு கொலவை போடட்டும். மலை முழுக்கக் கேக்கும். வந்து நிப்போம்.”

கையூம் பாய் யோசித்தார். “சரி. கொலவை சத்தம் கேட்டு இவரு போயி நிக்க வேண்டி வந்துச்சுன்னா, அதோட சரி. இனிமே இந்தத் தெருப் பொம்பளைங்க கூட்டம் சேந்து தனியா எங்கயும் கெளம்பக் கூடாது. சினிமாவும் கெடையாது, சந்தனக்கூடும் கெடையாது, மாதா தேரும் கெடையாது. கூப்பிடாமப் போயிட்டு வந்துட்டீங்கன்னா, அப்புறம் நாங்க வாயத் தொறக்க மாட்டோம். சம்மதமா?”

கதவுக்குப் பின்னால் ஏழு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லூர்தம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“சம்மதம். இப்பச் சாப்பிடுறீகளா, இல்ல பெஞ்சுக்கு வாடகை தாரீகளா?”

அதன்பிறகு அவள் திட்டம் போட்ட விதத்தைப் பற்றித் திண்டுக்கல்லில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. வழி தெரிந்த ஆளிடம் வழியைக் கேட்பதுதான் உலக வழக்கம். லூர்தம்மாள் ஒருவனிடமும் வழி கேட்கவில்லை. குதிரைக்காரர்களிடம் அவள் கேட்டதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். சோற்றைப் போட்டுக்கொண்டே விசாரிப்பாள்.

“நேத்து எங்க வச்சுடா கட்டுச்சோத்த அவுத்த?”

“அடிவாரத்து ஆலமரத்துலக்கா.”

“என்ன சோறு?”

“மோருசோறு.”

“தின்னுட்டு நடந்தியா, படுத்தியா?”

“படுத்துட்டேன்.”

“அதுக்கு முந்தி வாயில என்ன போட்ட?”

“செங்குத்து வழில வெத்தலை போட்டேன். வேற ஒண்ணும் இல்ல.”

“அதுக்கும் முந்தி?”

“காட்டுமாட்டு ஓடைல யாரும் மூட்டைய அவுக்க மாட்டோம்க்கா. உப்பு வாசத்துக்கு அதுக கிட்ட வந்துரும்.”

அவளுக்கு அது போதும். ஒருவன் மோர்ச்சோறு தின்று படுக்கிறான் என்றால் அங்கே நிழலும் காற்றும் தண்ணீரும் இருக்கின்றன. வெற்றிலை மட்டும் போடுகிறான் என்றால் அங்கே உட்கார இடமில்லை. மூட்டையை அவிழ்க்கவே இல்லை என்றால் அங்கே வேறு யாருக்கோ பந்தி நடக்கிறது. இருபது குதிரைக்காரர்களின் வயிற்றைப் புரட்டிப் பார்த்து, மலையின் ஒவ்வொரு வளைவையும் அவள் தெரிந்துகொண்டாள்.

பந்தி முடிந்த ஒரு பிற்பகலில், அடுக்களைத் தரையில் இரண்டு மரக்கால் பச்சரிசியைக் கொட்டி மலையாகக் குவித்தாள். விரலால் பாதை கிழித்தாள். ஆலமரத்துக்கு ஒரு கத்தரிக்காய், செங்குத்து வழிக்குக் காய்ந்த மிளகாய், ஓடைக்கு ஒரு புளிக்கொட்டை, மொட்டைப்பாறைக்கு உரித்த பெரிய வெங்காயம். எட்டுப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து, அரிசியில் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். சிவனம்மாளின் கோழி உள்ளே நுழைந்து மூன்றாவது வளைவைத் தின்றுவிட்டது.

“தப்பா நெனைக்காதீங்க,” என்றாள் சிவனம்மாள். “அதுக்கும் மலைக்கு வர ஆசை.”

“ஆலமரத்துல மோர்ச்சோறு. செங்குத்துல வெத்தலை. ஓடைல ஒண்ணுமில்லை, வாயத் தெறக்கவே கூடாது. பாறைல புளியோதரை, முட்டை, மொளகாக் கோழி,” என்று லூர்தம்மாள் முடித்தாள். “இன்னொண்ணு. எவளும் வீட்டுலேருந்து எதையும் கட்டிட்டு வரக்கூடாது. பந்தி என் பந்தி.”

குர்ஷித் பேகம் மட்டும் தலையை ஆட்டாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

தை பிறந்து பொங்கல் கழிந்தது. ஒருநாள் விடியலில் வண்டி கிளம்பியது. சிவனம்மாள் தார்க்குச்சியைச் சுழற்றி உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து, எதிரே வந்த ஒரு லாரி ஒதுங்கி வழிவிட்டதாம். சூசைமுத்து தெருமுனை வரை பின்னாலேயே நடந்து வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

அடிவாரத்துத் தோட்ட வீட்டில் வண்டியை விட்டார்கள். பக்கத்திலேயே ஆலமரம் சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றது. லூர்தம்மாள் பெருமையோடு மோர்ச்சோற்றைத் திறந்தாள். யாருக்கும் பசிக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு எங்கே பசிக்கும்? ஆனால் குறித்த பந்தியைத் தள்ளிப்போடுவது லூர்தம்மாளுக்குப் பழக்கமில்லை. ஆளுக்கு ஒரு கைப்பிடி தின்றார்கள். மீதியைச் சிவனம்மாளின் மாடுகளுக்கு வைத்தார்கள்.

“இப்பப் படுங்க,” என்றாள்.

“இப்பத்தானக்கா எந்திரிச்சு வந்தோம்?”

“குதிரைக்காரனுக இங்க படுக்குறானுகளா இல்லையா? காரணம் இல்லாமயா படுப்பான்? படு.”

எட்டுப் பெண்கள், பளிச்சென்று வெயில் அடிக்கிற காலையில், ஆலமரத்தடியில் வரிசையாகப் படுத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள்.

செங்குத்து வழியில் சிரிப்பு நின்றது. பாதை கல்லும் வேருமாக முகத்துக்கு நேரே எழுந்தது. வெற்றிலையை மென்றுகொண்டு ஏறினார்கள். மென்றதெல்லாம் அடுத்த வளைவிலேயே கரைந்துபோனது. குர்ஷித் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “யா அல்லாஹ், அந்தக் காத்து எப்பக்கா வரும்?” என்றாள். பறவைகள் கூவின. கருமந்தி ஒன்று கிளையில் உட்கார்ந்து, இவர்களுக்கு என்ன வந்தது என்று பார்த்தது. ஆனால் ஒருத்தியும் நின்றுவிடலாம் என்று சொல்லவில்லை. பின்னால் எங்கோ வெகு தூரத்தில் குதிரை மணி கேட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கும்போதெல்லாம் எட்டு முதுகும் நிமிர்ந்தன.

மேடு முடிந்து ஓடை வந்தபோது, பசி எல்லாரையும் ஒரே நேரத்தில் பிடித்தது. சாதாரணப் பசி இல்லை. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற பசி. புஷ்பமேரி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்துப்போய், அப்படியே சிவனம்மாளின் தோளில் சாய்ந்துவிட்டாள்.

அப்போதுதான் லூர்தம்மாளுக்குத் தலையில் அடித்தாற்போல் உறைத்தது. குதிரைக்காரர்கள் கடைக்கு வருவது எப்போது? மலையிலிருந்து இறங்கி. அவர்கள் சொன்னதெல்லாம் இறங்கும்போது தின்ற கதை. வேலை முடிந்து கடைசியாக ஆலமரத்தில் மோர்ச்சோறு தின்று படுக்கிறவனைப் பார்த்து, வேலை தொடங்குமுன்னே இவள் படுக்கச் சொல்லியிருக்கிறாள். இறக்கத்தில் அவன் வாய்க்கு வெற்றிலை போதும். ஏற்றத்தில் இவர்களுக்கு ஒரு அண்டாச் சோறு வேண்டும். பந்தியைத் தலைகீழாகப் போட்டுவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு இலைக்குக்கூட வரிசை மாற்றிப் பரிமாறாதவள், ஒரு மலைக்கே மாற்றிப் பரிமாறிவிட்டாள்.

“அக்கா,” என்று சிவனம்மாள் கிசுகிசுத்தாள். “அங்க பாருங்க.”

ஓடைக்கு அந்தப் பக்கம் புதர் அசைந்தது. புதர் என்று நினைத்தது எழுந்து நின்றது. கரிய மலை போல முதுகு, நாலு காலிலும் முட்டி வரைக்கும் வெள்ளைக் காலுறை. டிரில் மாஸ்டர் மாதிரி ஒரு நிமிர்வு. அதன் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் கன்றுக்குட்டியோடு இன்னொன்று. காட்டுமாடுகள். பெரியது தலையைத் தூக்கி மூக்கை இவர்கள் பக்கம் திருப்பியது. பிற்பாடு லூர்தம்மாள் இந்தக் கதையைச் சொன்ன ஒவ்வொரு வருஷமும் அந்த மாடு ஒரு முழம் வளர்ந்தது. அறுபத்தைந்தில் அது பழனி போகிற பஸ் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு நிஜமாகவே அது பெரிய மாடுதான்.

மூட்டையை அவிழ்த்தால் உப்பு வாசம். அவிழ்க்காவிட்டால் புஷ்பமேரி எழமாட்டாள். ஒரு குலவை போட்டால் சோலைமுத்து வந்துவிடுவான். எட்டுப் பேரும் அதை நினைத்தார்கள். எட்டு நாக்கும் மேலண்ணத்தைத் தொட்டன. லூர்தம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சினிமா, சந்தனக்கூடு, மாதா தேர் எல்லாம் அந்த முகங்களில் ஓடின. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் குர்ஷித் பேகம் மெல்ல முக்காட்டுக்குள் கையைவிட்டு ஒரு தகர டப்பாவை எடுத்தாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா,” என்றாள் மூச்சுக்குரலில். “தம்ரூட்டு. நேத்து ராத்திரி செஞ்சேன். ரவை, முட்டை, நெய்யி, சீனி. மேலயும் கீழயும் தணல் வச்சு வேக வச்சது. உப்புன்னா ஒரு கல்லுகூடப் போடல.”

பந்தி என் பந்தி என்று சொன்னவள் லூர்தம்மாள். வெளிச் சோறு வந்தால் இலையைத் தூக்கி எறிகிறவள். அவள் டப்பாவை வாங்கினாள், மூடியைச் சத்தமில்லாமல் திறந்தாள், முதல் துண்டைப் புஷ்பமேரியின் வாயில் வைத்தாள். அடுத்தடுத்து எல்லாருக்கும் கொடுத்தாள். கடைசித் துண்டைத் தான் தின்றாள். தின்று முடித்து, குர்ஷித்தின் காதருகே குனிந்து, “நெய்யி கொஞ்சம் கம்மி,” என்றாள். குர்ஷித் சிரிப்பை அடக்க முக்காட்டின் பாதியை வாயில் திணித்துக்கொண்டாள்.

அந்த எட்டுப் பெண்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, தின்று, அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். சிறுமலையில் நடந்த அதிசயங்களில் கரடிச் சித்தரை நம்புகிறவர்கள்கூட இதை நம்புவதில்லை. காட்டுமாடுகளுக்கே சலித்துப் போயிருக்கவேண்டும். பெரியது ஒருதரம் பெருமூச்சு விட்டது. பிறகு மெதுவாகத் திரும்பி, கன்றுக்குட்டியை முன்னே விட்டு, மூங்கிலுக்குள் போய்விட்டது. மற்றவையும் பின்னாலேயே போயின. புஷ்பமேரியின் உதட்டில் ரத்தம் திரும்பியது. அவள் எழுந்து, யார் கையையும் பிடிக்காமல் ஓடையைத் தாண்டினாள்.

மொட்டைப்பாறைக்கு அவர்கள் ஏறியபோது வெயில் உச்சியில் இருந்தது. காற்று சேலைகளைப் பிடுங்கியது. கீழே, வெகு கீழே, ஊர் கிடந்தது. கோட்டைப்பாறை யாரோ படுத்தெழுந்துபோன திண்டு மாதிரி இருந்தது. குளங்கள் கண்ணாடித் துண்டுகளாக மின்னின. ஆளுக்கு ஒரு திசையில் கையை நீட்டினார்கள். அது மாதா கோயில், அது எங்க கிடங்கு, அது சந்தை, இல்லை அது ஸ்டேஷன்.

லூர்தம்மாள் மட்டும் பேசாமல் தேடினாள். தான் பார்க்க வந்தது இங்கே இருக்காது என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கடை பூட்டிக் கிடக்கிறது. அடுப்பு மூட்ட வேண்டியவள் இங்கே நிற்கிறாள். பிறகு புகை எங்கிருந்து வரும்? இந்த உயரத்துக்கு வந்தபின் தோன்றுகிற புத்தி முன்னமே தோன்றியிருக்கக் கூடாதா என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டிருக்கும்போது, “அக்கா, அந்தா!” என்று புஷ்பமேரி கத்தினாள்.

பேகம்பூர்ப் பக்கத்தில் ஒரு புகை எழுந்துகொண்டிருந்தது. சோலைமுத்து சொன்னது போல மெல்லிசாக உயர்ந்து லேசாக வளைகிற புகை இல்லை. கன்னங்கரேலென்று, ரயில் என்ஜின் போல, ஊரே தீப்பிடித்ததோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு ஒரு புகை.

“எங்க வீட்டு மனுசன்,” என்றாள் லூர்தம்மாள். “பச்சை மட்டைய வச்சு எரிச்சிருக்காரு. அடுப்பு மூட்டத் தெரியுமா அவருக்கு?” குரல் திட்டுகிற குரல்தான். ஆனால் முகம் மாதா தேரில் ஏற்றிய விளக்கு மாதிரி இருந்தது.

அதைப் பார்த்த சிவனம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் குழந்தை பிறந்தால் குலவை, முளைப்பாரி எடுத்தால் குலவை, மாடு கன்று போட்டால் குலவை. நாக்கு தானாகச் சுழன்றது. அடுத்த நிமிஷம் புஷ்பமேரி சேர்ந்துகொண்டாள். நிக்காஹ் வீட்டுக்குள்ளே மட்டும் குலவை போட்டுப் பழகிய குர்ஷித் பேகம், ஆகாயத்தைப் பார்த்துப் போட்டாள். எட்டுக் குரலும் சேர்ந்து மலையில் மோதித் திரும்பின. முதல் குலவை அடங்குவதற்குள் எதிர்மலை இன்னொன்று போட்டது.

எதிரொலியும் அடங்கிய பிறகு, எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காலம் கடந்துவிட்டது. கீழே குளம்புச் சத்தம் தடதடவென்று கேட்டது.

சோலைமுத்துதான் முதலில் வந்தான். தலைப்பாகையைக் காணோம். முள் கிழித்த காலில் ரத்தம். மீசை ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே. கையில் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தவன், பாறையில் நிற்கிற எட்டுப் பெண்களையும் பார்த்தான். ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பின்னாலேயே அவன் ஆட்களும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள்.

“என்னக்கா? மாடா? கரடியா?”

“ஒண்ணுமில்ல.”

அவன் கம்பைக் கீழே போட்டான். மூச்சு திரும்பியதும் குரலில் கோபமும் வந்தது. “ஒண்ணுமில்லையா? உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடியாந்துருக்கோம். கொலவை போட்டீகளா இல்லையா? கூப்பிட்டீகளா இல்லையா? அம்புட்டுத்தான். பேச்சு முடிஞ்சு போச்சு.”

சிவனம்மாள் அழப்போகிற மாதிரி நின்றாள். குர்ஷித் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். லூர்தம்மாள் சோலைமுத்துவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பாறையின் நிழலில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள். வாழையிலைகளை உதறி, கல் வைத்து, வரிசையாக விரித்தாள். எட்டு இலை போட்டாள். அதற்கு எதிரே குதிரைக்காரர்களின் தலையை எண்ணி இன்னொரு வரிசை போட்டாள். நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கைக்கு எட்டுப் பேருக்கு மட்டும் சமைக்க வராது. எல்லாருக்கும் இருந்தது.

“கூப்பிட்டேன்தான்,” என்றாள். “பந்தி ரெடி. எம்புட்டு நேரம் காத்துக்கிட்டுக் கெடக்குறது? கைகழுவிட்டு உக்காரு.”

“அக்கா, இது நாயமில்ல.”

“நாயத்தை அப்புறம் பேசுவோம். மொளகாக் கோழி ஆறுது.”

சோலைமுத்து தன் ஆட்களைப் பார்த்தான். அவர்கள் அவனைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து பெண்கள் கண்ணில் படாமல் புதர் மறைவில் நடந்து, ஒரு வாய்த் தண்ணீர்கூட நிதானமாகக் குடிக்காதவர்கள். ஒருவன் உட்கார்ந்தான். இன்னொருவன் உட்கார்ந்தான். கடைசியில் சோலைமுத்து, மீசையை இரண்டு பக்கமும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் இலையில் லூர்தம்மாள் கோழியின் தொடையை வைத்தாள். குலவையைப் பற்றி அதற்குமேல் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் பேசவில்லை. ஊரில் போய் என்ன சொல்வான் என்பது அவன் முகத்தில் எழுதியிருக்கவுமில்லை.

இறங்கும்போது வழி முழுக்க எட்டுப் பேரும் அதையே நினைத்துக்கொண்டு வந்தார்கள். ஆலமரத்தடியில் யாரும் படுக்கவில்லை. குர்ஷித் மட்டும், “அக்கா, முழங்கால் வலிக்கலக்கா,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். அது மூலிகையா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. பின்னாலேயே குதிரைகள். தெருமுனையில் ஆண்கள் எல்லாரும் கூடி நின்றார்கள். சூசைமுத்து கரி அப்பிய முகத்தோடும் சிவந்த கண்ணோடும் ஓரமாக நின்றார். வண்டியிலிருந்து இறங்கிய மனைவியை அவர் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

அப்துல் கையூம் தன் வீட்டுக்காரியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, முழுசாக வந்துவிட்டாள் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு நேரே சோலைமுத்துவிடம் போனார்.

“சொல்லுப்பா. கூப்பிட்டாங்களா, இல்லையா?”

சோலைமுத்து குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தான். வண்டிப் பக்கம் பார்த்தான். எட்டுப் பெண்கள் அங்கே நின்றார்கள். சேலையெல்லாம் முள், கூந்தலெல்லாம் சருகு, முகமெல்லாம் வெயில். ஒருத்திகூடத் தலையைக் குனியவில்லை. லூர்தம்மாள் எப்போதும்போல் நிமிர்ந்து நின்றாள். இந்த முறை அவள் தலைக்குமேல் கதவு நிலை ஏதும் இல்லை.

“கூப்பிட்டாங்க பாய்,” என்றான் சோலைமுத்து.

ஒருத்தி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“சாப்பிடக் கூப்பிட்டாங்க. போனோம். சாப்பிட்டோம். வேற எதுக்கும் கூப்பிடல. எங்க ஒத்தாசை அங்க ஒருத்தருக்கும் தேவைப்படல.”

கையூம் பாய் அதை மனதுக்குள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தோலைத் திருப்பிப் பார்த்து விலை சொல்கிறவர், அவசரப்பட மாட்டார். மற்ற ஆண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் தாடியைத் தடவிக்கொண்டு சோலைமுத்துவின் பக்கம் சாய்ந்தார்.

“தொட்டுக்க வெஞ்சனம் என்ன?”